அரை மார்க் வழக்கு

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடையில் அந்த வருஷம் படத்தாள் வியாபாரம் அமோகம். ஒரு தாளில் பூவின் பாகங்கள், இன்னொன்றில் செரிமான மண்டலம், மற்றொன்றில் தேசத் தலைவர்கள். வாங்கி, வெட்டி, சார்ட்டில் ஒட்டி, ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பூவேலை செய்துவிட்டால் அறிவியல் செயல்பாடு முடிந்தது. 2012-13 கல்வியாண்டின் முதல் பருவத்தில் என் மேசைக்கு வந்த ஆறாம் வகுப்புச் சார்ட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே செம்பருத்தி. ஒரே அச்சு, ஒரே சிவப்பு. அவற்றுக்கு நான் ஏழு, எட்டு, ஒன்பது என்று விதவிதமாக மார்க் போட்டிருந்தேன்.

இரண்டாவது வரிசையில் உட்காரும் பெண், தன் சார்ட்டையும் பக்கத்துப் பெண்ணின் சார்ட்டையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“ரெண்டும் ஒரே படம்தான் டீச்சர். அவளுக்கு ஒம்போது, எனக்கு ஏன் ஏழு?”

“அவ நீட்டா ஒட்டியிருக்கா பாரு. உன்னுது மேடும் பள்ளமுமா இருக்கு.”

“எங்க வீட்ல கோந்து இல்ல டீச்சர். சோறு வச்சி ஒட்டினேன்.”

இரண்டு மார்க் கோந்துக்குப் போயிருந்தது. பூவைப் பற்றி இரண்டு பேருக்கும் என்ன தெரியும் என்று நான் கேட்டிருக்கவில்லை. அவளை உட்காரச் சொன்னேன். மார்க்கை மாற்றவும் இல்லை. மாற்றினால் மற்றவர்களும் வரிசையாக வந்து நிற்பார்கள் என்ற பயம்.

வந்தவாசிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அப்போது நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. அந்த வருஷம்தான் ஒன்று முதல் எட்டு வரை முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் சேர்ந்து வந்தன. புத்தகம் மூன்றாகப் பிரிந்து பை இலேசானதில் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். எங்களுக்குப் பதிவேடு கனத்தது. நூற்றில் 60 பருவத் தேர்வுக்கு; மீதி 40 வளரறி மதிப்பீட்டுக்கு. அந்த 40இல் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. நாலு செயல்பாடு செய்யவைத்து அதில் நல்லதாக இரண்டை எடுத்துக்கொள்ள வேண்டும், சிறு தேர்வும் அப்படியே. இது போதாதென்று வாழ்க்கைத் திறன், மனப்பான்மை என்று பாடத்துக்கு வெளியே உள்ளதற்கும் கிரேடு. பதினோரு வயதுப் பிள்ளையின் மனப்பான்மைக்கு ஏ போடுவதா பி போடுவதா என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பருவம் முடியும் வாரத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மார்க்கைப் பின்னாலிருந்து முன்னாலே எழுதினோம். இந்தப் பிள்ளைக்கு மொத்தம் இவ்வளவு என்று முதலில் முடிவாகும். பிறகு அதைப் பங்கு பிரிப்போம். நடத்தாத செயல்பாட்டுக்கும் நான் மார்க் போட்டிருக்கிறேன். நல்ல நோக்கத்தோடு வந்த முறைதான். ஆனால் அதில் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று கேட்டால், பெயர் எழுதும் கட்டத்தில் மட்டும் இருந்தாள்.

அந்த வருஷத்து ஆறாம் வகுப்புக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. அந்த வருஷம் எங்கள் ஒன்றியத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள்தான் 2012இல் எனக்கு ஆறாம் வகுப்பாக வந்தவர்கள். ஏணிப்படியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, தன் அட்டையைத் தானே தட்டிலிருந்து எடுத்துப் படித்தவர்கள். தரையை ஒட்டிய கரும்பலகையில் தன் பங்கு இடத்தில் எழுதியவர்கள். வருகைப் பதிவைக்கூடச் சுவரில் தொங்கும் அட்டவணையில் அவர்களே குறித்தார்கள். அப்படி வளர்ந்தவர்களிடம் வந்து நான் பெயர் கூப்பிட்டேன். “உள்ளேன் டீச்சர்” என்றார்கள். மூன்றே மாதத்தில் பென்சில் சீவுவதற்கும் அனுமதி கேட்கும் பிள்ளைகளாக அவர்களை ஆக்கிவிட்டேன். செயல்வழிக் கற்றலில் குறை இல்லாமல் இல்லை. தமிழைத் தட்டுத் தடுமாறி வாசிக்கும் பிள்ளைகளும் அதிலிருந்துதான் வந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே, அது கொடுத்த நல்லதையும் நாங்கள் பறித்துக்கொண்டோம்.

குறுவள மையப் பயிற்சி ஒன்றில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். 29ஆம் பிரிவில் பாடத்திட்டமும் மதிப்பீடும் எப்படி இருக்க வேண்டும் என்று உட்பிரிவுகள் உண்டு. குழந்தை அச்சமின்றித் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்பது ஒன்று. அதற்கு அடுத்ததே தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. இரண்டும் அடுத்தடுத்த வரிகள். முதலாவது ஆண்டு விழாவில் மைக் பிடித்துப் பேசுவதைப் பற்றியது என்றும், இரண்டாவது பதிவேட்டைப் பற்றியது என்றும் நினைத்துக்கொண்டு மடித்துப் பையில் வைத்தேன். சோறு வைத்து ஒட்டிய செம்பருத்தி ஞாபகத்துக்கு வந்தது பேருந்தில் ஏறிய பிறகுதான்.

இரண்டாம் பருவத்தில் துணிந்து கேட்டேன். “செயல்பாட்டுக்கு நான் எப்படி மார்க் போடணும், நீங்களே சொல்லுங்க.”

வகுப்பு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு கொட்டியது. மார்ஜின் போட்டிருக்கணும். தலைப்பு சிவப்பு, உள்ளே நீலம். அட்டை போட்டிருக்கணும். சொன்ன தேதியில் தரலைன்னா ரெண்டு மார்க் கட். லீவு போட்டா ஒரு மார்க் கட். வகுப்பில் பேசினால்? “மைனஸ் அஞ்சு டீச்சர்!” என்றான் வகுப்பிலேயே அதிகமாகப் பேசுகிறவன். கரும்பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பாடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் ஐந்து மாதமாக எதற்கெல்லாம் முகம் சுளித்தேனோ, எதற்கெல்லாம் ‘வெரிகுட்’ போட்டேனோ, அவ்வளவும் பட்டியலாக நின்றது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வாரம், “உங்க வேலைக்கு நீங்களே மார்க் போட்டுக்குங்க” என்றேன். பெண்கள் பெரும்பாலும் தங்களைக் குறைத்துக்கொண்டார்கள். விதை முளைக்கவைத்து ஏழு நாளும் அளந்து குறித்துக்கொண்டு வந்தவள் தனக்கு 4 போட்டாள். நாலாம் நாள் ஸ்கேல் தொலைந்து விரலால் அளந்தாளாம். மொச்சையை ஊறவே வைக்காத ஒருவன் 10 போட்டுக்கொண்டு சிரித்தான். நான் என்ன செய்தேன்? எல்லோர் முன்னாலும் அவள் நாலை எட்டாக்கினேன், அவன் பத்தை மூன்றாக்கினேன். நியாயம் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அந்தப் பையன் கோபப்படவில்லை. சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டான்: “கடைசியில நீங்கதான் போடப்போறீங்கன்னா, எங்கள எதுக்கு டீச்சர் கேட்டீங்க?”

அரையாண்டு விடுமுறையில் தோழி ஒருத்தி, ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ புத்தகத்தைக் கொடுத்தாள். இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் 8 பேர் சேர்ந்து எழுதி 1967இல் வெளிவந்தது. தமிழில் பல ஆசிரியர்கள் வாசித்த புத்தகம். எழுதியவர்கள் தங்களுக்கு மார்க் போட்டுக்கொள்ளவில்லை. ஆசிரியைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போடுகிறார்கள். எந்த வீட்டுப் பிள்ளைகள் பெயிலாகிப் பள்ளியை விட்டுப் போகிறார்கள் என்று எண்ணி, அட்டவணை போட்டு, இதற்கு என்ன பதில் என்று கேட்கிறார்கள். நான் எங்கே தவறினேன் என்று அப்போது கொஞ்சம் பிடிபட்டது. ஒரு வகுப்பின் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன். கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் என் பையிலேயே இருந்தன.

அடுத்த வருஷம், அதே பிள்ளைகள் ஏழாம் வகுப்பு. சிறு தேர்வுக்கு முந்தின வாரம் ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி வரச் சொன்னேன். அதிலிருந்துதான் கேள்வித்தாள் எடுப்பேன் என்றேன். வந்தவை பெரும்பாலும் புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் சொல்லை உருவிவிட்டுக் கோடு போட்டவை. ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்பதைத்தான் அவர்கள் கேள்வி என்று அறிந்திருந்தார்கள். அதற்கு நடுவில் கசங்கிய துண்டுத்தாள் ஒன்று. எழுதியவன் கோரைப்பாய் நெய்கிற வீட்டுப் பையன். தறி வேலை இருந்தால் பள்ளிக்கு வர மாட்டான். “தண்ணி கொதிக்கும்போது வர்ற குமிழிக்குள்ள இன்னா இருக்கு?”

இரண்டு மார்க் கேள்வியாகச் சேர்த்தேன். விடைக்குறிப்பில் ‘நீராவி’ என்று எழுதி வைத்தேன். 31 பேர் எழுதியதில் 20க்கும் மேல் ‘காற்று’. சிவப்பில் அடித்துக் கொடுத்தேன். கொடுத்தபோது சொன்னேன்: “நான் திருத்தினதுல தப்பு இருக்குன்னு யாருக்காவது தோணினா, இன்னிக்குப் பேசலாம். பேசி நிரூபிச்சா மார்க் மாறும்.” இந்த முறை மாற்றுவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

எழுந்தவள் இரண்டாம் வரிசைப் பெண்தான். “காத்து தப்புன்னு எப்படி டீச்சர் சொல்றீங்க? உலை வைக்கிறப்போ கொதிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே குண்டான் ஓரத்துல பொடிப் பொடியா ஒட்டிக்கினு இருக்கும். அப்ப தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கும். அது எப்படி ஆவியாகும்?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பி.எஸ்சி. படித்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிப்போனது. “வாங்க, பாத்துருவோம்” என்று சொல்லிச் சத்துணவுக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சமையல் செய்யும் அக்கா முதலில் திட்டினார். பிறகு ஒரு சின்னக் குண்டானும் விறகு அடுப்பில் ஓரமும் கொடுத்தார். அவள் சொன்னபடியேதான் நடந்தது. தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் பொடிக் குமிழிகள் பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டின. அவை நீரில் கரைந்திருந்த காற்று, சூடு ஏற ஏறக் கரைந்திருக்க முடியாமல் வெளியேறுவது. கொதிநிலைக்கு வந்த பிறகு அடியிலிருந்து பெரிது பெரிதாகக் கிளம்பி மேலே வந்து உடைபவை வேறு; அவை நீராவி. பாய்க்காரர் மகன் ஒன்று சொன்னான்: “இந்தத் தண்ணிய ஆற வச்சி மறுபடி காய்ச்சினா பொடிக் குமிழி வராதில்ல? காத்துதான் போயிடுச்சே.” மூடி வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அடுப்பேற்றினோம். ஒன்றுமே வராமல் இல்லை. ஆனால் காலையில் பார்த்ததற்குக் கொஞ்சம்தான்.

பிறகு வகுப்புக்கு வந்து வழக்கு. கேள்வியில் ‘கொதிக்கும்போது’ என்று இருப்பதால் நீராவிதான் முழு மார்க் என்றது ஒரு கட்சி. ‘காற்று’ என்று மட்டும் எழுதியவர்களுக்கு அரை மார்க்காவது வேண்டும் என்றது இன்னொன்று. “எந்தக் குமிழின்னு கேள்வியிலயே இல்லையே, அது கேள்வி போட்டவன் தப்பு” என்று ஒருத்தி சொல்ல, கேள்வி போட்டவன் தலையைச் சொறிந்தான். அவனைக் காப்பாற்ற நான் குறுக்கிட்டேன். கேள்வித்தாளில் சேர்த்தது நான்தானே. ஒன்றரைப் பாடவேளை ஓடியது. தீர்ப்பு: நீராவிக்கு இரண்டு. வெறும் காற்றுக்கு அரை. இரண்டு வகைக் குமிழியையும் பிரித்து எழுதியிருந்தால் இரண்டோடு பாராட்டும். அப்படி யாருமே எழுதியிருக்கவில்லை என்பது வேறு விஷயம். 20க்கும் மேற்பட்ட தாள்களில் அரை மார்க் ஏற்றிக் கையெழுத்துப் போட்டேன்.

வெப்பம் பாடத்தை அதற்கு முன் ஒன்பது வருஷம் நடத்தியிருக்கிறேன். விடைக்குறிப்பை மேசைமேல் வைத்து ‘இது சரியா’ என்று கேட்ட அந்த ஒரு நாளுக்கு ஈடாக அதில் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது. மார்க் யார் கையால் விழுகிறது என்பது பிள்ளைகளுக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இல்லை. எதற்கு மார்க், ஏன் அதற்கு மட்டும் மார்க் என்று கேட்டால் பதில் வருமா, அந்தப் பதில் தப்பென்று காட்டினால் டீச்சர் பின்வாங்குவாரா என்பதைத்தான் கவனித்தார்கள். ஒருமுறை பின்வாங்கியதைப் பார்த்த பிறகு கேள்விகளின் தரமே மாறியது. ‘வேறுபடுத்துக’ என்றால் எத்தனை வேறுபாடு எழுத வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். “பதில் தெரியும் டீச்சர், கேள்விதான் புரியல” என்று ஒருத்தி சொன்ன நாளிலிருந்து, ‘விளக்குக’, ‘நிரூபி’, ‘காரணம் கூறு’ ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது என்பதற்கே ஒரு பாடவேளை ஒதுக்கினேன். இதைப் பல வருஷம் முன்பே செய்திருக்க வேண்டும்.

எல்லாம் இப்படி நன்றாக நடந்துவிடவில்லை. தாளை மாற்றிக் கொடுத்து ஒருவருக்கொருவர் திருத்தச் செய்தேன். பயிற்சிகளில் மிகவும் பரிந்துரைக்கப்பட்ட முறை அது. மூன்றாவது தேர்வில் எதுவோ உறுத்தியது. தாள்களை எடுத்துப்போய் வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஊர்த்தெருப் பிள்ளை திருத்திய காலனிப் பிள்ளையின் தாளில் ஒன்று, ஒன்றரை என்று குறைந்திருந்தது. எல்லாத் தாளிலும் இல்லை. இருந்த தாள்கள் போதும். காலனிப் பிள்ளைகள் திருத்தியவற்றில் வேறு மாதிரி: தப்பான பதிலுக்கும் கை நடுங்கி மார்க் போட்டிருந்தார்கள். யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பதினோரு, பன்னிரண்டு வயசு. வீட்டில் கற்றதை என் வகுப்பில் எழுதியிருந்தார்கள்; எழுத மேடை போட்டுக் கொடுத்தவள் நான். தாள் மாற்றித் திருத்துவதை அன்றோடு விட்டேன். மாணவர் குரல், மாணவர் குரல் என்று கூட்டங்களில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்கள் நினைவுக்கு வரும். வகுப்பில் குரல் ஏற்கனவே உரக்க இருப்பவர்கள் யார், அரை மார்க் கேட்க எழுந்து நிற்கவே ஒரு பருவம் எடுத்துக்கொள்பவர்கள் யார் என்று பார்க்காமல், “எல்லோரும் சொல்லுங்க” என்றால் சிலர்தான் சொல்வார்கள். அதனால் வழக்கை எழுத்தில் மாற்றினேன். கேட்பவர் துண்டுத்தாளில் எழுதி டப்பாவில் போடலாம், பெயர் வேண்டாம், கேள்வி எண்ணும் காரணமும் போதும். அதன் பிறகுதான் கடைசி வரிசையிலிருந்து வழக்குகள் வந்தன.

பெற்றோரில் ஒருவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “பிள்ளைங்களே கேள்வி எழுதுதாம், பிள்ளைங்களே மார்க் கேட்குதாம். அப்ப உங்களுக்கு இன்னாத்துக்கும்மா சம்பளம்?” வேலை கூடியிருப்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது! பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவருக்கு வேறு கவலை. திருத்திய மார்க்கின் மேல் இன்னொரு மார்க், அதன் பக்கத்தில் பென்சிலில் பிள்ளையின் காரணம், அதற்குக் கீழே என் கையெழுத்து. “அடித்தல் திருத்தல் இல்லாம இருக்கணும்மா ரெக்கார்டு” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவருக்கு மேலே ஒருவர் அவரிடம் அதைத்தான் கேட்பார். அன்றிலிருந்து இரண்டு நோட்டு வைத்துக்கொண்டேன். ஒன்று அலுவலகத்துக்கு. மற்றொன்று அடித்தலும் திருத்தலுமாக எங்களுக்கு.

என் கையில் இருந்தது எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். 60 மார்க் பருவத் தேர்வின் கேள்வித்தாள் வெளியிலிருந்து கட்டாக வரும். அதில் எனக்கே குரல் கிடையாது. எட்டாம் வகுப்பு முடிந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நோக்கிய ஓட்டம் தொடங்கிவிடும். அங்கே அரை மார்க் வழக்கை யார் கேட்பார்கள்? பிளஸ் டூ தேர்வுக்குப் பிறகு விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம், மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கோரலாம். அதற்குக் கட்டணம் உண்டு. அதுவரை ஒரு பிள்ளை தன் பதிலுக்காகப் பேச வாய்ப்பே வராமல் போகலாம். நான் பங்கிட்டது 40 மார்க்கை மட்டும்.

இப்போது வேறு பள்ளி, வேறு பிள்ளைகள். சிறு தேர்வுத்தாளின் கடைசியில் ஒரு கேள்வியை மட்டும் மாற்றுவதில்லை: ‘இந்தப் பாடத்தில் உனக்குத் தெரிந்து, இந்தத் தாளில் நான் கேட்காமல் விட்ட ஒன்றை எழுது.’ இரண்டு மார்க். கிணற்று மோட்டார் ஏன் சில நாள் தண்ணீர் இழுக்காது என்று எழுதியிருக்கிறார்கள். ஆட்டுக்குட்டி பிறந்த ராத்திரி பற்றி ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. பாதிப்பேர் அந்த இடத்தைக் காலியாக விடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்வேன். போன பருவத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: “எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் கேட்டுட்டீங்க டீச்சர். விட்டது ஒண்ணும் இல்ல. அதனால 2 மார்க் போடுங்க.”

பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்று போட்டேன். மறுநாள் டப்பாவில் சீட்டு கிடந்தது, கேள்வி எண்ணோடும் காரணத்தோடும். முதல் பாடவேளை முழுக்க அந்த வழக்குதான் நடந்தது. ஒன்றரையில் முடிந்தது.